சின்ன மாமனார் என்றொரு ஜப்பானியக் குழு

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்ல விதமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்றைக்கு ஒன்றையும் சொல்லப் போவதில்லை. இது என் அக்காவின் கதை.

அக்காவும் நானும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறோம். படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் ஈரமாகப் போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும். அவற்றை இழுத்து மடிப்பது அக்கா. கிழிந்ததை என் பக்கம் தள்ளுவாள், நான் தைப்பேன். நடுவில் இருபது அடிதான், ஆனால் அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. பதினாறு வருடமாக மடிக்கிறாள். "உனக்கு எது பிடிக்கும்?" என்று அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கே கேட்கவில்லை, அப்புறம் என்ன!

மூன்று வருடத்துக்கு முன்னால், மருந்துக் கறை போக ஏதாவது வழி உண்டா என்று போனில் தேடி, காதில் மாட்டிக்கொண்டு மடித்தாள். ஜப்பான்காரர் ஒருவர் வாயே திறக்காமல் கறை எடுத்துக் காட்டினார். அது முடிந்ததும் போன் தன்பாட்டுக்கு அடுத்ததைப் போட்டது: மூன்று பெண்கள், இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ். பாதி மடித்த விரிப்போடு அக்கா அப்படியே நின்றுவிட்டாள். உருளைப் பக்கம் விரிப்புகள் குவிந்து, மேற்பார்வையாளர் ஓடிவந்து சத்தம் போட்டார். அன்றைக்கு அவள் தனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். மடிக்கிற கை தானாக நின்றால் அது கேட்க வேண்டிய குழு. நிற்காவிட்டால் அடுத்தது. நூற்றுக்கணக்கில் கேட்டாள். தேறியது பதினெட்டு.

ஜப்பானிய எழுத்து அவளுக்குப் படிக்க வராது. அதனால் அவளே பேர் வைத்தாள். ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி பாய்கிற அந்த முதல் குழு 'மூணு நாத்தனார்'. மேல்வீட்டில் பீரோவை நகர்த்துவதுபோல் டிரம்ஸ் அடிக்கிற குழு 'வாடகை வீடு'. தொண்டையைக் கனைத்துக்கொண்டே ஒவ்வொரு பாட்டையும் ஆரம்பிக்கிறவரின் குழு 'சின்ன மாமனார்'. அவள் மாமனாரின் தம்பி அப்படித்தான், தெருமுனையிலிருந்தே கனைத்துக்கொண்டு வருவார். பாட்டை என் போனுக்கு அனுப்புவாள், கூடவே பேரும் ஓரிரு வரியும். "மூணாவது நிமிஷத்துல கிடார் அழுதுட்டு உடனே மூஞ்சியைத் துடைச்சுக்கும், கவனி." நான் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன்.

என் வீட்டுக்காரர் உள்ளூர் ரேடியோவில் விளம்பரம் வாசிப்பவர். ஞாயிறு காலையில் அரை மணி நேரம் பாட்டு போடவும் விடுகிறார்கள். அக்கா வீட்டுக்கு வந்தால் போதும், அவள் கேட்கிற பாட்டைக் கேலி செய்து, "என்ன அண்ணி, பாத்திரக்கடையில இன்னைக்கும் சண்டையா?" என்று ஆரம்பித்துவிடுவார். அக்கா சிரித்துவிட்டுப் போவாள்.

போன மாதம், புதுசாக ஏதாவது செய்யாவிட்டால் அந்த அரை மணியும் இல்லை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். மனிதர் என்ன செய்தார்? நான் குளிக்கப் போன நேரம் பார்த்து என் போனைத் திறந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஏது ஞாயிறு? அன்றைக்கும் வேலைதான். டீ குடிக்க உருளையை நிறுத்தியிருந்தோம். மேற்பார்வையாளரின் ரேடியோவில் என் வீட்டுக்காரரின் குரல்.

"மூணு வருஷமா ராப்பகலா தேடி நான் கண்டுபிடிச்ச ஜப்பானிய ராக் குழுக்கள்! முதல்ல 'சின்ன மாமனார்'. ஜப்பானிய மொழியில அந்தப் பேருக்கு அதுதான் அர்த்தம். மாமனாருக்கு அவங்க எவ்வளவு மரியாதை குடுக்கிறாங்க பாருங்க!"

எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. நான் கண்டுபிடிச்சதாம்! கிடார் மூஞ்சி துடைப்பதைக்கூட விட்டுவைக்கவில்லை, அவள் எழுதினபடியே வாசித்தார். கடைசியாக, "இது 'நல்ல பிள்ளை'. இந்த இசையோட உச்சம்னு நான் சொல்லுவேன்" என்றார்.

மேற்பார்வையாளர் டீயை உறிஞ்சிக்கொண்டே அக்காவிடம் சொன்னார்: "உன் தங்கச்சி புருஷனுக்கு என்ன ஞானம்மா! நீயும் காதுல மாட்டிக்கிட்டு என்னத்தையோ கேக்குறியே, இந்த மாதிரி நல்லதாக் கேளேன்."

அக்கா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உருளைக்குப் போய்விட்டாள். மாலைவரை தலை நிமிரவில்லை.

வேலை முடிந்ததும் அவளைக் கையோடு என் வீட்டுக்கு இழுத்துப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அவ தேடின பாட்டு, அவ வச்ச பேரு, அவ எழுதின வரி!"

"பாட்டு என்ன, உங்கக்கா பாடினதா? நாலு பேர் கேக்கட்டுமேன்னு போட்டேன். இதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிறே."

"கேக்கட்டும். யார் கண்டுபிடிச்சதுன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

"சலவைக்கூடத்துல துணி மடிக்கிறவங்க சொன்னதுன்னா யாரும்மா நம்புவாங்க?"

அக்காவை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார். எதையாவது எடுத்து எறியலாம் போலிருந்தது. ஆனால் அக்கா அமைதியாகக் கேட்டாள்.

"மாப்பிள்ளை, அதுல உங்களுக்கு எது பிடிச்சுது?"

"எல்லாமேதான் அண்ணி. முக்கியமா அந்த 'நல்ல பிள்ளை'."

"அது குப்பை, மாப்பிள்ளை. மார்க்குக்குப் பாடுற பசங்க. கை நிக்கவே இல்ல."

"அப்புறம் எதுக்கு இவளுக்கு அனுப்பினீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இவ கேக்குறாளா இல்லையான்னு பாக்கத்தான்."

போனை எடுத்துப் பார்த்தேன். 'நல்ல பிள்ளை', அதற்குக் கீழே என் கட்டைவிரல். எல்லாவற்றுக்கும் கீழே என் கட்டைவிரல். மூன்று வருடத்தில் ஒரு பாட்டைக்கூட நான் முழுசாகக் கேட்டதில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"இப்ப யார் மேல கோபப்படுவே?" என்றார் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டு.

"ரெண்டு பேர் மேலயும்தான்."

அடுத்த ஞாயிறு அவர் ரேடியோவில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நிகழ்ச்சி நடக்கும்போதே போன் போட்டு நான் சொல்லிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அது அவர் பாடு.

என் பாடு வேறு. திங்கட்கிழமை காதில் மாட்டிக்கொண்டு முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன். புதன்கிழமை, 'வாடகை வீடு' நடுவில், பெடலில் இருந்த என் கால் தானாக நின்றது. தையல் பாதியில் ஊசியும் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இருபது அடிக்கு அப்பால் அக்கா மடிப்பதை விட்டுவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் விரிப்புகள் குவிந்துகொண்டிருந்தன.