அத்தான் பிறந்த பிரெஞ்சு வருஷம்

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டில் மலாக்காவில் ஒவ்வொரு சங்கமும் எதையாவது நடத்தியாக வேண்டும் என்ற நிலை. சிலர் ஊர்வலம் போனார்கள், சிலர் நாடகம் போட்டார்கள். காஜா பெராங்கில் இருந்த எங்கள் சங்கம் பந்து விளையாடத் தீர்மானித்தது. நகரத்து அணி ஒன்றுடன் ஒரு மாலை ஆட்டம். தீர்மானத்தோடு செயலாளர் ஒரு விதியையும் சேர்த்தார். இளமையான நாட்டுக்கு இளமையான அணிதான் பொருத்தம். ஆகவே 1924-லோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் அணியில் சேர முடியாது. அவர்களுக்குக் காலையில் கயிறு இழுக்கும் போட்டி உண்டு.

விதி பொதுவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அணியில் அது தொடக்கூடியவர் ஒருவர்தான். அவர் என் அக்காவின் கணவர், எங்கள் கோல் கீப்பர். ஐசியில், அதாவது அரசாங்க அடையாள அட்டையில், அவர் பிறந்த ஆண்டு 1924.

அத்தான் கிளேபாங் வழித்தடத்தில் பஸ் டிக்கெட் பரிசோதகர். ஓடுகிற பஸ்ஸில் ஏறி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர். உயரம் குறைவு, குரல் அதிகம். ஜப்பான்காரன் போனதிலிருந்து காஜா பெராங் கோல் கம்பங்களுக்கு நடுவே வேறு யாரும் நின்றதில்லை. கோல் விழுந்தால் அது யாருடைய தவறு என்பதை ஆட்டம் முடியும்வரை விளக்கிக்கொண்டிருப்பார். இது நன்றாக ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தது என்பதும் உண்மை. விதிக்குப் பின்னால் அந்த எரிச்சலும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலாக்கா நிருபர். விதி வந்த மறுநாள் அத்தான் பரிசோதகர் தொப்பியோடு என் அறைக்கு வந்தார்.

"மச்சான், நீ பேப்பர்காரன். 1924-ல உலகத்துல என்னென்ன நடந்துச்சு, பார்த்துச் சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லு லா. என்னமோ அந்த வருஷமே கெழட்டு வருஷம் மாதிரி பேசுறானுங்க."

ஊருக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன ஆங்கில ஆண்டு நூல்கள் என்னிடம் வரிசையாக இருந்தன. 1924-க்கான தொகுதியை எடுத்தேன். மலாயாப் பகுதியில் ரப்பர் விலை. பிரிட்டனில் அரசாங்கம் மாறி, மறுபடியும் மாறியது. அத்தான் கொட்டாவி விட்டார். பிரான்ஸ் வந்ததும் நிமிர்ந்தார். அந்த ஆண்டு கோடையில் பாரிசில் ஒலிம்பிக்ஸ். குளிர்காலத்தில் அதே நாட்டின் மலையூர் ஒன்றில் பனி விளையாட்டுகள்.

"ஒரே வருஷத்துல ரெண்டு தடவையா?"

"வெயிலுக்கு ஒண்ணு, பனிக்கு ஒண்ணு."

"பந்து இருந்துச்சா?"

"இருந்துச்சு. பிரான்ஸ் தோத்துப்போச்சு."

"கீப்பர் சரியில்லாம இருந்திருப்பான். வேற?"

"அந்த நாட்டு அதிபர் பதவியை விட்டு விலகிட்டார்."

"பந்து தோத்ததுக்கா?"

"இல்லை. நாடாளுமன்றத்துல பெரும்பான்மை அவரோட வேலை செய்ய மாட்டேன்னுருச்சு."

"கமிட்டி," என்றார் அத்தான், எல்லாம் புரிந்தவராக.

பிறகு தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுத் தன் வாதத்தைச் சொன்னார். ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷத்தில் அந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள் விளையாட்டுக்காரர்களாகத்தான் வந்திருப்பார்கள். அவர்களுக்கும் இப்போது அத்தானுடைய வயதுதான். அவர்கள் விளையாடுகிறார்களா, கயிறு இழுக்கிறார்களா? அதை நான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆண்டு நூலில் அதற்கு விடை கிடையாது. பிறந்த வருஷத்தில் எந்த விளையாட்டு வீரரும் செய்தியாவதில்லை. அந்த வருஷம் அவர் செய்வது அழுவது மட்டும்தான். நான் நகரத்துத் தேவாலயத்தில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியாரிடம் போனேன். புதுச்சேரியில் பல காலம் இருந்து தமிழ் கற்றுக்கொண்டு எங்கள் பக்கம் வந்தவர். அவருடைய சகோதரர் பிரான்சிலிருந்து விளையாட்டு வாரப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கப்பலில் அனுப்புவார். பாதிரியார் அவற்றை வாரத்துக்கு ஒன்று என்ற ஒழுங்கில்தான் பிரிப்பார். அதனால் எப்போதோ முடிந்துவிட்ட சைக்கிள் பந்தயம் அவருக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"வாரும், உட்காரும்," என்றார். "பத்திரிகைக்காரரே, பந்தயத்தின் முடிவு உமக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து சொல்லாதேயும்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். விளையாட்டுக்காரர்களின் வயது அவருக்கு மனப்பாடம்.

"சைக்கிள்காரர் ஒருவர் உண்டு. இன்னும் ஓட்டுகிறார். கத்திச்சண்டைக்காரர் ஒருவர், அவரும் நன்றாயிருக்கிறார். பந்துக்காரர் ஒருவர் இருந்தார். முழங்கால் கெட்டுப்போய் இப்பொழுது சிற்றுண்டிச்சாலை வைத்திருக்கிறார்."

"வேறு யாராவது, சாமி?"

"நல்லவர்களெல்லாம் அதற்கு அடுத்த வருஷத்தில் பிறந்தார்கள்," என்றார் பாதிரியார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேட்டதை அப்படியே அத்தானிடம் ஒப்பித்தேன். சைக்கிள்காரரையும் கத்திச்சண்டைக்காரரையும் அவர் ஏற்றுக்கொண்டார். சிற்றுண்டிச்சாலைக்காரரை அங்கேயே இறக்கிவிட்டார். அதன்பின் கிளேபாங் பஸ்ஸில் அவர் ஒருவருடைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் பிரான்ஸ் வந்துவிடும். தமிழர்களிடம் தமிழில், மற்றவர்களிடம் மலாயில். எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர், மலாய் பேசும் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்பத்துக்காரர், தமிழ் தெரியாதவர். அவருக்குப் பிரான்சின் பனி விளையாட்டுகளை அத்தான் மலாயில் விளக்கியதை நான் நேரில் பார்த்தேன். ஐஸைச் சீவிக் குவித்து விற்கும் ஐஸ் கச்சாங் கடையைச் சுட்டிக்காட்டித்தான் விளக்கினார். அலுத்துப்போன சில பயணிகள் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தார்கள்.

கமிட்டி கூடியபோது அத்தான் வழக்கை வைத்தார். செயலாளர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். வீட்டில் குழம்பு கேட்பதைக்கூடக் குறுக்கு விசாரணை மாதிரி கேட்கிறவர் என்று பெயர்.

"இன்ஸ்பெக்டரே, அந்த சைக்கிள்காரர் காஜா பெராங்குக்கு ஆட வர்றாரா?"

"அவரு எதுக்கு வரணும்? அவரும் நானும் ஒரே வருஷம்னு சொல்றேன்."

"அப்ப அவர் பிரான்சுல ஓட்டட்டும். நீங்க இங்க கயிறு இழுங்க. ஐசியில என்ன வருஷம் இருக்கு?"

"1924. ஒலிம்பிக்ஸ் வருஷம்."

"ஒலிம்பிக்ஸ்னு ஐசியில போட்டிருக்கா?"

சிரிப்பு. விதி நின்றது. அத்தானுக்குப் பதிலாகக் கோலில் நிற்க ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியில் பார்த்தேன்: பந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். அதை எல்லோரும் பார்த்தார்கள், செயலாளர் உட்பட.

அத்தான் பயிற்சியை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் தேங்காய் மட்டைகளை மூட்டை மூட்டையாகப் பரப்பி அதன்மேல் விழுந்தார். பந்து எறிகிறவர் அக்கா. அன்றாடம் மனதில் சேர்ந்ததையெல்லாம் சேர்த்து எறிந்ததால் பந்து வேகமாகவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, எறிந்துகொண்டே என்னிடம் சொன்னார்:

"உங்க அத்தானோட இதே ரோதனைதான். பொறந்ததே பொங்கப் பானை பொங்குற நேரத்துலயாம். வீட்டுல ஒருத்தரும் பொங்கல் சாப்பிடலையாம் அன்னிக்கு. மாமியார் இன்னும் சொல்லிக் காட்டுறாங்க."

"பொங்கல் அன்னிக்கா?"

"தை முதல் தேதி. ஊருக்கே தெரியும். நட்சத்திரம் பார்த்து வருஷா வருஷம் தையிலதானே பாயாசம் வைக்கிறேன்."

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மட்டைகளின்மேல் குப்புறக் கிடந்தார்.

"அத்தான், நீங்க எந்த வருஷம்?"

"ரக்தாட்சி," என்றார் தரையிலிருந்தே. "1924."

ரக்தாட்சி வருஷம் 1924-ல்தான் பிறந்தது, சித்திரை முதல் தேதி, அதாவது ஏப்ரலில். அந்த வருஷத்தின் தை மாதம் வரும்போது ஆங்கில ஆண்டு மாறிவிட்டிருக்கும். தோட்டத்தில் பிறந்த அத்தானின் பிறப்புப் பத்திரம் ஜப்பான் காலத்தில் தொலைந்துபோனது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலத்தில் எல்லோருக்கும் ஐசி எழுதியபோது அதிகாரி ஆண்டைக் கேட்டார், அத்தான் ரக்தாட்சி என்றார், பக்கத்தில் நின்ற யாரோ அது இருபத்துநாலு என்றார்கள். மாதத்தை யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்கள் பலர் இப்படித்தான் அரசாங்கக் கணக்கில் ஒரு வயது மூத்தவர்களாக இருந்தார்கள். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்ததில்லை, இந்த விதி வரும்வரை.

"அத்தான், நீங்க 1925-ல பொறந்தவர். விதி உங்களைத் தொடவே தொடாது."

அக்கா பந்தைக் கீழே போட்டார். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்த மனிதர் எழுந்து உட்கார்ந்து, முழங்காலில் ஒட்டிய நாரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"அந்த வருஷம் பிரான்சுல என்ன நடந்துச்சு?"

"அதை விடுங்க. ஆட்டத்துல இடம் கிடைக்குது."

"பார்த்துச் சொல்லு மச்சான்."

அடுத்த தொகுதியைப் புரட்டினேன். பாரிசில் அந்த ஆண்டு பெரிய கண்காட்சி ஒன்று நடந்திருந்தது. அலங்காரக் கலைகள்: நாற்காலி, மேசை, அலமாரி, விளக்கு. அத்தான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஒலிம்பிக்ஸ் வருஷத்தை விட்டுட்டு நாற்காலி வருஷத்துக்குப் போகச் சொல்றியா?"

விளையாட்டில் ஏதாவது உண்டா என்று தேடினேன். இருந்தது. பாரிசில் கூடிய ஒரு கூட்டத்தில் பந்து ஆட்டத்தின் ஆஃப்சைட் விதியைத் தளர்த்தியிருந்தார்கள். முன்வரிசைக்காரன் கோலை நெருங்குவது அதோடு சுலபமாகிவிட்டது. இதை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

"அப்ப இத்தனை வருஷமா எனக்கு விழுந்த கோல் எல்லாம் அந்தக் கூட்டத்துல போட்டது," என்றார் அத்தான். "கோல் கீப்பருக்குக் குழி வெட்டுன வருஷம். அதுல போய் நான் பொறக்கணுமா?"

"நீங்க பொறந்தாச்சுங்க," என்றார் அக்கா.

பாதிரியார் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வருஷத்துப் பிள்ளைகள்தான் நல்ல ஆட்டக்காரர்கள் என்று அவர் சொன்னதை அத்தானிடம் சொன்னேன். அத்தான் நம்பவில்லை. ஊர் முழுக்க 1924 என்று முழங்கியாகிவிட்டது. கிளேபாங் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள்கூட அதை ஒப்பிப்பார்கள். இப்போது கமிட்டி முன்னால் நின்று, அது என் வருஷமே இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் கோல் கம்பம். சொல்லாவிட்டால் கயிறு. சில நாட்கள் அவர் பஸ்ஸில் டிக்கெட்டை மட்டும் பார்த்தார். பயணிகள் அவருக்கு உடம்பு சரியில்லையா என்று அக்காவிடம் விசாரித்தார்கள்.

கடைசியில் கமிட்டிக்கு வந்தார். விஷயம் செயலாளரின் காதுக்கு முன்பே போயிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கீப்பரை அவரும் சகித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் நடைமுறையை விடவில்லை.

"இன்ஸ்பெக்டரே, எந்த வருஷம் பொறந்தீங்க?"

"ரக்தாட்சி."

"இங்கிலீஷ்ல."

"மச்சான் என்ன சொல்றான்னா..."

"மச்சான் பொறந்ததைக் கேட்கல. நீங்க பொறந்ததைக் கேட்கறேன்."

அத்தான் கூரையைப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் அவரிடம் பேசுகிற குரலை நான் பல முறை கேட்டிருக்கிறேன். அதே குரலில் சொன்னார்:

"இருபத்தஞ்சு."

"கொஞ்சம் சத்தமா."

"இருபத்தஞ்சுன்னு சொன்னேன்ல. தை மாசம். நாற்காலி வருஷம்."

கடைசிச் சொல் யாருக்கும் விளங்கவில்லை. அவருடைய அம்மாவை அழைத்துக் கேட்டார்கள். அவர் தான் சாப்பிடாத பொங்கலைப் பற்றி முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். கமிட்டி ஏற்றுக்கொண்டது. அந்த வாரமே கயிறு இழுக்கும் அணியில் பாதிப்பேர் தையிலோ மாசியிலோ பிறந்துவிட்டார்கள். இளமைக்கு இனி மனு ஏற்கப்படாது என்று செயலாளர் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்.

ஆட்டத்தன்று மத்தியானம் மழை பெய்து திடல் சேறாகக் கிடந்தது. முதல் பாதியில் எங்கள் கோல் பக்கம் பந்து வரவே இல்லை. அத்தான் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. கம்பத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றார். இரண்டாம் பாதியில் நகரத்து அணியின் முன்வரிசைக்காரர் ஒருவர் தனியாக வந்து அடித்தார். அத்தான் அழகாக வலது பக்கம் பாய்ந்தார். பந்து இடது பக்கம் போனது. பின்னால் நீண்டிருந்த அவருடைய குதிகாலில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. கூட்டம் எழுந்து நின்றது. தடுத்தது குதிகால்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. கவனித்த ஒரே ஆளான நான் பத்திரிகையில் 'தடுத்தார்' என்று மட்டும் எழுதினேன். அது பொய்யில்லை.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. எல்லோரும் கைகுலுக்கிவிட்டுத் தேநீர் மேசைக்குப் போனார்கள். அத்தான் மட்டும் கம்பங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். வலையை அவிழ்க்க வந்த திடல்காரர், ஆட்டம் முடிந்துவிட்டது என்று மலாயில் பணிவாகச் சொன்னார்.

"தெரியும்," என்றார் அத்தான். "அந்தப் பக்கத்து வலையை முதல்ல அவுருங்க."