என் வயிற்றெரிச்சலுக்கு இருக்கன்குடியாள் சொன்ன பதில்

பட்டாசுக் கம்பெனி வேன் என் மகளை ஏற்றிக்கொண்டு போக வாசலுக்கு வந்துவிடும் என்ற நிலைமை. அதை நினைத்து நான் அழுதேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் ஓரகத்தி வசந்தி ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாளே என்ற எரிச்சல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இருக்கன்குடி மாரியம்மாள் எனக்குச் செய்தது உங்களுக்கு விளங்கும். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நடந்தது 2004-இல். சிவகாசியில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கித்தான் அடிப்போம். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் எந்த எழுத்து எந்தக் குழியில் கிடக்கிறதென்று என் விரலுக்குத் தெரியும். என் கொழுந்தன் மனைவி வசந்தியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். நாலு வருடம் என் பக்கத்தில் நின்றுதான் வேலை பழகினாள்.

அந்த வருடம் சித்திரையில் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்குத் தனி அறை, அறைக்கு ஏசி. தமிழ் டைப்பிங் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். வசந்தி கையைத் தூக்கினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அவர்கள். சாயங்காலமானால் "பூ வாங்கிட்டு வாரேன்க்கா" என்று கிளம்புவாளே, போனது டைப்பிங் வகுப்புக்காம்! செருப்பைக் கழற்றிவிட்டு அவள் அந்த அறைக்குள் நுழைகிற அழகைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். கம்ப்யூட்டருக்கு வேர்க்கக் கூடாதாம். நாங்கள் வேர்த்து விறுவிறுத்து நிற்கலாமாம்.

வைகாசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆடி முடியவும் ஈய எழுத்தப் பூராம் எடைக்குப் போட்டுறலாம்னு இருக்கேம்மா. ஆவணிப் பத்திரிகை எல்லாம் இனி கம்ப்யூட்டர்லதான்" என்றார்.

"அப்ப நாங்க?" என்றேன்.

"பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' என்றால் என்ன என்று எங்கள் ஊரில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

என் கணவர் நாரணாபுரம் பக்கம் பட்டாசு வேலை பார்த்தவர். ஒரு தீ விபத்தில் இரண்டு கைகளும் வெந்து, விரல் மடங்காமல் வீட்டோடு இருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மகள் முத்துமாரி அப்போதுதான் பத்தாவது பாஸ் செய்திருந்தாள். என் வேலை போகப்போகிறது என்று எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, பட்டாசு வேலைக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்ட் வந்து நின்றார்.

"பிள்ளைய அனுப்புங்கக்கா. வேன் வாசலுக்கே வரும். வயசு பதினெட்டுன்னு சொல்லிக்கிரலாம்."

என் கணவர் தன் இரண்டு கைகளையும் தூக்கி அந்த ஆள் முகத்துக்கு நேரே காட்டினார். ஆடி கழித்து வருவதாகச் சொல்லிவிட்டு ஏஜெண்ட் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போனேன். சன்னதியில் நான் வேண்டியதைக் கேட்டால் சிரிப்பீர்கள். "ஆத்தா, எம் மகள அந்த வேன்ல ஏத்திராத. எம் பொழப்பக் காப்பாத்து. அப்படியே ஒரு கம்ப்யூட்டரையும் கெடுத்து விடு." தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டேன்.

ஆத்தா கம்ப்யூட்டரைக் கெடுத்தாள். ஆனால் வசந்தியுடையதை இல்லை.

கோயிலிலிருந்து திரும்பிய வேகத்தில், அவள் படித்தால் நான் படிக்க மாட்டேனா என்று ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய்ச் சேர்ந்தேன். சுற்றி உட்கார்ந்திருந்ததெல்லாம் என் மகள் வயதுப் பிள்ளைகள். எங்கள் அச்சகத்தில் எந்தப் புது மிஷினையும் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் தொடமாட்டோம். அதே பழக்கத்தில், கொண்டுபோன இருக்கன்குடித் தீர்த்தத்தை வேப்பிலையால் தொட்டு மானிட்டர் தலையிலும் கீபோர்டிலும் தாராளமாகத் தெளித்தேன். டப்பென்று ஒரு சத்தம். திரை அணைந்துபோனது.

சொல்லிக்கொடுக்கிற தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "எக்கா, இங்கன என்ன கோயில் கொடையா நடக்கு? நாளையிலிருந்து நீங்க வராதீக!"

விஷயம் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சொன்னாள், "மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருவாரு. நம்ம ஏசி ரூமுக்கு வாங்கக்கா, நான் சொல்லித் தாரேன்."

நம்ம ஏசி ரூம்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? "ஒங்கிட்ட நான் படிக்கணுமாக்கும்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். ஆத்தாள் படத்துக்கு முன் நின்று, "ஒண்ணும் தராட்டிப் போ, இந்த எரிச்சலையாவது எடுத்துரு தாயே" என்று அழுதேன். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் தெரு வழியாகக் கம்பெனி வேன் போனது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்பிள்ளைகள். முத்துமாரி வாசலில் நின்று அந்த வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் நான் ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

என் கை சும்மா இருக்குமா? 'கா' வேண்டுமென்றால் பழைய குழியைத் தேடி மேஜை மூலைக்குப் போகும். "அங்கன என்னத்தக்கா தேடுறீக?" என்பாள் வசந்தி. பற்றிக்கொண்டு வரும். அந்த ஆத்திரத்திலேயே இன்னொரு பத்திரிகை அடிப்பேன். அவள் ஒன்று அடித்தால் நான் இரண்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான். முத்துமாரி பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கீபோர்டை வரைந்து கொடுத்தாள். சோறு வேகிற நேரமெல்லாம் அதில் தட்டிப் பழகினேன்.

ஆடியில் ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் வந்து குவிந்தன. வசந்தி ஒருத்தியால் முடியவில்லை. வெளியில் ஆள் பார்க்கலாமா என்று முதலாளி யோசித்தார். "எதுக்கு? அக்காவுக்குத் தெரியுமே" என்றாள் அவள். சொந்தபந்தம் அத்தனை பேர் பெயரும் போட்ட நீளமான பத்திரிகை ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு முதலாளி பக்கத்தில் நின்றார். ஆத்தா, ஆத்தா என்று சொல்லிக்கொண்டே அடித்து முடித்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். அதுல நீங்க உக்காருங்கம்மா" என்றார்.

முத்துமாரியைத் தாமதமாகத்தான் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தோம். சொன்னபடி ஆடி கழித்து ஏஜெண்ட் வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று தீச்சட்டி எடுத்தேன். வசந்தி வேப்பிலையோடு கூடவே நடந்து வந்தாள். சட்டியை இறக்கிவிட்டுக் கோயிலை ஒட்டிய ஆற்று மணலில் உட்கார்ந்தபோது கேட்டேன்.

"ஏ வசந்தி, நான் ஒனக்குப் போட்டியா வந்துருவேன்னு தெரியும்ல? பெறகு எதுக்குச் சொல்லிக் குடுத்த?"

அவள் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "நாலு வருசம் ஒங்க பக்கத்துல நின்னேன். ஒங்க கை வேகம் எனக்கு வரவே இல்ல. அந்த வயித்தெரிச்சல்லதானக்கா நான் டைப்பிங்குக்கே போனேன். நீங்க வீட்ல உக்காந்துட்டா நான் யாரப் பாத்துப் பொறாமப்பட?"

கோயில் என்றும் பார்க்காமல் இருவரும் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சலை எடு என்று நான் கெஞ்சியபோது ஆத்தாள் ஏன் எடுக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

வருடம் ஐந்து ஓடிவிட்டது. முத்துமாரி கல்லூரியில் படிக்கிறாள். நானும் வசந்தியும் காலண்டர் டிசைன் வரைக்கும் வந்துவிட்டோம். வேலை போய்விடுமோ என்று கலங்கி நிற்கிறவர்கள் யாராக இருந்தாலும் இருக்கன்குடியாளை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு நேரே ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள், வயதைப் பார்க்காதீர்கள். தீர்த்தத்தை மட்டும் உங்கள் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தி, "பூ வாங்கிட்டு வாரேன்க்கா" என்று கிளம்ப ஆரம்பித்தாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இங்கிலீஷ் வகுப்பு. நானும் பெயர் கொடுத்துவிட்டேன். ஆத்தா, உன் புண்ணியத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது. இந்த எரிச்சலை மட்டும் எடுத்துவிடாதே தாயே.