ஐ.பி. கொடுத்தவர் மகள்

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, திருத்தணியில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். மோட்டார் வைத்திருந்த வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். நாளுக்கொரு பாவாடை கட்டுகிற ஸ்டேஷன் மாஸ்டர் மகள் இருந்தாள். அவர்களெல்லாம் என் கண்ணில் படவில்லை. என் வயிற்றெரிச்சல் முழுவதும் சித்தப்பாவின் மகள்மேல்தான். அவளுடைய தகப்பனார் ஐ.பி. கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

வாங்கிய கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் மனுப் போட்டுத் திவாலாவதை எங்கள் பக்கத்தில் ஐ.பி. கொடுப்பது என்பார்கள். அப்போது எங்களுக்கு ஜில்லா சித்தூர். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் ஏறி அங்கே போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் எதையோ மூட்டை கட்டிக்கொண்டுபோய்ச் சித்தூரில் கொடுக்கிறார்கள், கொடுத்துவிட்டால் அப்புறம் கடைக்குப் போகவேண்டியதில்லை என்று நானாக ஒரு அர்த்தம் செய்துகொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அது ரொம்பத் தப்பான அர்த்தம் என்றும் சொல்ல முடியவில்லை.

சித்தப்பாவுக்கு நூல் வியாபாரம். பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்களுக்கு நூலைக் கடனாகக் கொடுத்து, துணி விற்றதும் பணம் வாங்கிக்கொள்வார். இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. கொடுத்த நூலுக்குப் பணம் திரும்பவில்லை, புது நூல் கிடைக்கவில்லை, வட்டி மட்டும் தவறாமல் ஏறியது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் கோர்ட்டு அமீனா வந்து கடையைப் பூட்டினார். வீட்டிலிருந்த பீரோவையும் சுவர்க் கடிகாரத்தையும் எழுதிக்கொண்டு எடுத்துப் போனார். சமையல் பாத்திரத்தையும் படுக்கையையும் உடுத்தும் துணியையும் சட்டப்படி விட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சட்டத்தைத்தான் ஊரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சித்தி பித்தளைத் தவலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தால் தெருக்கோடியிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

“ஐ.பி.காரன் பொண்டாட்டி இடுப்புல தவலையப் பாரு. தங்கமாட்டம் தேய்ச்சி எடுத்துகினு வரா. அத்தனையும் நம்ம துட்டு.”

இதைச் சொன்ன அம்மாள் சித்தப்பாவுக்கு ஒரு காசும் கடன் கொடுத்தவரல்ல. கொடுத்தவர்கள் நாலைந்து பேர்தான். ஏமாந்தவர்கள் ஊர் முழுவதும் இருந்தார்கள். சவரம் செய்கிறவர் சித்தப்பாவிடம் மட்டும் முன்பணம் கேட்டார். கல்யாணப் பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுத்த வீடான அவர் வீட்டைத் தாண்டிப் போயின. குளத்துப் படியில் அவர் உட்கார்ந்தால், உட்கார்ந்திருந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோவார்கள். எழுந்துபோனவர்களில் இரண்டொருவர் பிறகு சந்துமுனையில் அவரை மடக்கி, “வக்கீலுக்கு எவ்ளோ குடுத்த? நெசமாவே எல்லாக் கடனும் பூடுச்சா?” என்று தணிந்த குரலில் விசாரித்ததும் எனக்குத் தெரியும்.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மலையடிவாரத்தில் நைனாவுக்குத் தேங்காய், கற்பூரம், விபூதி விற்கும் கடை. தம்பி வாங்கிய கடன்களில் பெரியதொன்றுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். கடன் வாங்கியவரைக் கோர்ட்டு விட்டுவிட்டது. கையெழுத்துப் போட்டவரை விடவில்லை. அந்தக் கடனைக் கொடுத்த பள்ளிப்பட்டு வட்டிக்காரர் மாதம் பிறந்தால் எங்கள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தம்பி கால்மேல கால் போட்டுகினு தூங்குறாரு. அண்ணன் மாடாட்டம் ஒழைக்கிறாரு. நல்லா கீது நாயம்,” என்பாள் அம்மா. அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். அவளுக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் அது சித்தியின் கையில் இன்னும் கிடந்த இரண்டு வளையல்மேல். அந்த வளையல் பித்தளை என்று பிறகு தெரிந்தது. அப்போதும் அவளுக்கு ஆறவில்லை.

எனக்கு வளையல் பெரிதாகத் தெரியவில்லை. கடையில்லாத சித்தப்பா பகலெல்லாம் மகளோடு இருந்தார். அவளுக்குத் தலைவாரிக் கோணல் கோணலாகச் சடை போட்டார். அந்தக் கோணல் சடையை அவள் பள்ளிக்கூடத்தில் ஆட்டி ஆட்டிக் காட்டினாள். அமீனா எழுதாமல் விட்டுப்போன காலி நூல் உருளைகளைச் சக்கரமாக வைத்து வண்டி செய்து கொடுத்தார். நந்தியாற்று மணலில் ஊற்றுத் தோண்டி அவளுக்குக் கையால் தண்ணீர் ஊற்றினார். உச்சிவெயிலில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி மலைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் படியில் தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்பது எனக்கு எட்டவில்லை. வெயிலில்கூடத் தூக்கிக்கொண்டு போகிறாரே என்றுதான் தோன்றியது.

நைனா நான் எழுந்திருப்பதற்கு முன்னால் போய்விடுவார், தூங்கிய பிறகு வருவார். ஒரே மாதத்தில் இரண்டு தரம் என்னிடம், “எந்தக் கிளாஸு படிக்கிற நீ?” என்று கேட்டார்.

ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குளத்துப் படித்துறையில் எனக்கும் சித்தப்பா மகளுக்கும் சண்டை வந்தது. நூல் உருளை வண்டியை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிறேன் என்று கேட்டேன். அவள் கொடுக்கவில்லை.

“உங்க நைனாவ செய்யச் சொல்லு.”

“அவருக்கு வேலை கீது.”

“எப்பப் பாரு வேலை. உன்ன ஒருநாளாவது தூக்கினு மலைக்குப் போயிருக்காரா?”

எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. அவளிடம் இருப்பது எனக்கும் வரப்போகிறது என்று சொன்னால்தான் அவள் வாயடைக்கும் என்று பட்டது.

“எங்க நைனாவும் ஐ.பி. குடுக்கப் போறாரு. கிருத்திகை முடிஞ்சதும் சித்தூரு போய்க் குடுத்துட்டு வரப்போறாரு. அப்பால தெனம் என்னத்தான் தூக்கினு போவாரு.”

கீழ்ப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்தினார். அவர் தேங்காய் மண்டிக்காரரின் மனைவி. எங்கள் கடைக்குத் தேங்காய் அந்த மண்டியிலிருந்துதான் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நெசமாவா கண்ணு? யாரு சொன்னா?”

பெரியவர்கள் யாரும் என்னிடம் அப்படி அருகில் உட்கார்ந்து கேட்டதில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். கரி பஸ்ஸில் போவார் என்றேன். மூட்டைகூடக் கட்டியாயிற்று என்றேன். அவர் மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா மகளுக்குக் கொடுக்கவில்லை. அவள் பார்க்கும்படி அதை மெதுவாகத் தின்றேன்.

மறுநாள் காலையில் தேங்காய் வண்டி வரவில்லை. கிருத்திகைக் கூட்டத்தின் மூன்று நாள் வியாபாரத்தில்தான் எங்கள் வீட்டின் பன்னிரண்டு மாதமும் நடந்தது. தேங்காயைக் கடனுக்கு இறக்கி, கிருத்திகை முடிந்ததும் கணக்குத் தீர்ப்பது வழக்கம். வண்டி வராவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் ஜாமீன் பணம் கட்ட வழியில்லை, அடுத்தாற்போல் எங்கள் வீட்டுக்கே அமீனா வருவார். இதெல்லாம் தெரியாமல், அம்மா கொடுத்தனுப்பிய கூழ்த் தூக்கோடு நான் கடைக்குப் போனேன். கடை வாசலில் கூட்டமாக இருந்தது. நடுவில் மண்டிக்காரரும் பள்ளிப்பட்டு வட்டிக்காரரும் நின்றார்கள்.

“நீயும் சித்தூரு போறியாமே? சொல்லியிருந்தா பஸ்ஸு ஏத்தி உட்டிருப்பனே,” என்றார் மண்டிக்காரர்.

“யாருண்ணே சொன்னது?” என்றார் நைனா.

“உன் வூட்லேர்ந்து வந்த சேதிதான்.”

“மொதல்ல தம்பி, இப்ப அண்ணன். குடும்பத் தொழிலாக்கிட்டாங்க,” என்றார் வட்டிக்காரர். கூட்டம் சிரித்தது.

“நான் இதுவரைக்கும் யார் துட்டையும் தின்னதில்லண்ணே.”

“அதக் கேக்கல. ஐ.பி. குடுப்பியா, மாட்டியா?” என்றார் வட்டிக்காரர்.

நைனா காலிக் கூடையை நகர்த்தி வைத்தார். நான் தூக்கைக் கீழே வைத்துவிட்டு யாரோ ஒருவர் வேட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அடி விழும் என்று தெரிந்துவிட்டது.

“மலைப்படில கற்பூரம் கொளுத்தி, கையால அணைச்சி சத்தியம் பண்ணு. சாகறவரைக்கும் ஐ.பி. குடுக்க மாட்டேன்னு சொல்லு. மத்தியானத்துக்குள்ள வண்டி வந்துரும்,” என்றார் மண்டிக்காரர்.

முருகன் மலையின் முதல் படியில் கற்பூரத்தை அணைத்துச் சொன்ன சொல்லை எங்கள் ஊரில் யாரும் மீறியதில்லை. கோர்ட்டுப் பத்திரத்தைவிட அதற்கு மதிப்பு. சண்டையினால் கற்பூரம் கிடைப்பதே அரிதாக இருந்த சமயம் அது. நைனா அதை ஒரு தகர டப்பாவில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார். அவரே பூட்டைத் திறந்தார்.

“பெரிய வில்லையா எடுப்பா,” என்றது ஒரு குரல்.

“சொந்தச் சரக்குதான, இன்னா யோசன?” என்றது இன்னொன்று.

படியைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. கூட்டத்தின் ஓரத்தில் சித்தப்பா மகள் தன் தகப்பனார் தோளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நைனாவை அவள் பார்க்கிறாள், நான் பார்க்க முடியவில்லை. அந்தச் சமயத்திலும் எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. முட்டி மோதி, கால்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போனேன்.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. நைனாவின் உள்ளங்கை அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. இறங்கவில்லை. வில்லை கரைந்துகொண்டே வந்தது. சூட்டுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். எல்லார் எதிரிலும் இப்படிப் பயப்படுகிறாரே என்று வெட்கமாக இருந்தது.

“அண்ணா, வாணாம். கைய எடுத்துரு,” என்று பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது.

“பாருடா, ஐ.பி.காரன் புத்தி சொல்றான்,” என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் அவரைத் தோளில் இருந்த குழந்தையோடு பின்னுக்குத் தள்ளினார்கள்.

நைனா தம்பி நின்ற பக்கம் திரும்பவில்லை. கையை இறக்கினார். எல்லாரும் செய்வதுபோல் சட்டென்று தட்டி எடுக்கவில்லை, கற்பூரத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். “குடுக்க மாட்டேன்,” என்றார். கூட்டம் கலைந்தது. மத்தியானம் வண்டி வந்தது. மண்டிக்காரர் போகும்போது கூழ்த் தூக்கை எடுத்து என் கையில் கொடுத்து, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து நைனா என்னைக் கூப்பிட்டார். கையில் தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது.

“உனக்கு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லல. நானாத்தான் சொன்னேன்.”

“அம்மா எதனா பேசினத கேட்டியா? சித்தப்பா உங்கிட்ட சொன்னாரா?”

“இல்ல நைனா. நானாத்தான்.”

மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முன்பின் தெரியாத யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு, “போ, போய் வெளையாடு,” என்றார். அவ்வளவுதான். வீட்டில் அம்மாவும் கை ஓங்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நைனா பதினோரு வருஷம் அந்தக் கடனைக் கட்டினார். கட்டி முடித்த வருஷம் எனக்குக் கல்யாணம். ஊரில் அவருக்கு நல்ல பெயர். அவர் நடந்து வந்தால் எழுந்து நிற்பார்கள். வழிவிட்டு நிற்பவர்களிடம் பேச அவருக்கு எதுவும் இருக்கவில்லை. என்னிடமும் இருக்கவில்லை. சித்தப்பா குடும்பம் ரேணிகுண்டாவுக்குப் போய், ரயில்வேக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்துப் பிழைத்தது. அவர் மகள் இப்போதும் எனக்குக் கடிதம் எழுதுகிறாள். நாலு வரிக்கு ஒருதரம் “எங்க நைனா சொல்லுவாரு” என்று வரும். எனக்கு இன்றைக்கும் அந்த வரியைத் தாண்டிப் படிப்பது கஷ்டமாக இருக்கிறது.

போன மாதம் என் மகன் ஆபீஸ் சிநேகிதன் ஒருவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அக்கம்பக்கம் கேட்க நான் சத்தம் போட்டேன். அவன் எழுந்து வெளியே போன பிறகு, கூடத்தில் படுத்திருந்த அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“உங்க நைனாவுக்கும் அந்த வருசமே ஐ.பி. மனு எழுதி வெச்சிருந்தாரு அந்த சித்தூரு வக்கீலு. உங்க சித்தப்பாதான் கூட்டிகினு போனாரு. கிருத்திகை வசூலு கைக்கு வந்ததும் பீஸு குடுத்துட்டுக் கையெழுத்துப் போடறதா இருந்துச்சி. எங்க மூணு பேத்துக்குத்தான் தெரியும்.”

மண்டிக்காரர் பயந்தது சரிதான் என்றாகிறது. அன்றைக்கு நான் படித்துறையில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்தத் தேங்காய்க்குப் பணம் வந்திருக்காது. நைனா சித்தப்பாவைப்போல் வீட்டில் இருந்திருப்பார். ஊர் எங்களைத் தாண்டிப் போயிருக்கும். எது நல்லது என்று இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு என்னை அடிக்காமல் விட்டதை நைனாவின் பிரியம் என்றே முப்பத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொன்ன குழந்தையைத்தான் அடிப்பார்கள். நான் சொன்னது பொய்யில்லை என்று அந்த வீட்டில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.