நாலு மணிக்குள் ஹாரன் அடிக்க வேண்டும்

இடது இண்டிகேட்டரைப் போட்டால் பெட்ரோல் முள்ளும் அதே தாளத்துக்கு ஆடியது. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு எரியாது. அதற்குப் பதில் இரண்டு இண்டிகேட்டரும் தூக்கக் கலக்கத்தில் கண் திறப்பதுபோல மங்கலாக எரியும். ஹாரன் ஊமை. வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அத்தை சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மாமா என்றால் என் மாமனார், அத்தை என் மாமியார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று முத்தியால்பேட்டைக்குத் திரும்பியபோது அவரோடு கப்பலில் வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, இடப்பக்கம் ஸ்டியரிங், மேலே துணிக் கூரை. எங்கள் தெருவில் அது திரும்புவதற்கு நாலு பைக்கை நகர்த்த வேண்டும். யாரும் முகம் சுளித்ததில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து பானெட்டைத் திறந்தார், டார்ச் அடித்தார், மூடினார்.

"உப்புக் காத்து சார். உள்ள எல்லாம் அரிச்சிப் போயிருக்கும். ஒயரிங் மொத்தமா மாத்தணும். இதுக்கு சாமானுக்கு எங்க போறது?"

மறுநாளே மாமா வண்டியை விற்றுவிட சென்னையில் ஒருவருக்குப் போன் செய்தார். சனிக்கிழமை நாலு மணிக்கு லாரியோடு வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு. அன்றிலிருந்து மாமா வண்டியைத் துடைக்கவில்லை. வண்டி நின்ற கொட்டகையைத் தாண்டும்போது தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவள். இதை நான் யாருக்கும் நினைவூட்டவில்லை, எனக்கே கூட. கை வைத்து இன்னும் கெடுத்துவிட்டால்? சனிக்கிழமை வரை அப்படியே யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று மதியம் மாமா வண்டிப் பேப்பர்களை ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பினார். கதவருகில் நின்று, "எல்லா பக்கமும் எடுக்கணுமா, மொதப் பக்கம் போதுமா?" என்று என்னிடம் கேட்டார். எப்போதும் எங்களுக்கு உத்தரவு போடுகிறவர். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. அவர் தெருமுனை தாண்டியதும் மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். கழற்றிவிட்டேனா என்று பார்த்தேன். அத்தையைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன்.

"கையில தான வெச்சினு இருக்க! இன்னும் என்னா பாக்கணும்?"

ஒரு விளக்கைப் போட்டால் வேறொரு விளக்கு எரிகிறதென்றால், பெரும்பாலும் எர்த் சரியில்லை. கரண்ட் வீட்டுக்குத் திரும்ப வழி கிடைக்காமல் அடுத்த வீட்டு வழியாகப் போகிறது. பின்விளக்கின் எர்த் ஒயர் பாடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் இடத்தில் மீட்டரை வைத்தேன். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய எண் எங்கேயோ போய் நின்றது. போல்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. சரி, உப்புக் காற்றுதான்.

பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். தலை உள்ளே, நைட்டியும் காலும் கொட்டகைக்கு வெளியே சந்தில். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலையோடு ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எட்டு ஃபியூஸ். ஒவ்வொன்றின் முனையிலும் பச்சை வட்டம். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி.

கடற்காற்று இவ்வளவு ஒழுங்காக வரிசையில் பொட்டு வைக்காது.

அப்படியே படுத்திருந்தேன். போன ஆயுத பூஜைக்கு அத்தை சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் கையில் கொடுத்து, "ஒண்ணு விடாம வெச்சிடு" என்றார். மிக்ஸி, கிரைண்டர், பைக், இஸ்திரிப் பெட்டி. வண்டிக்கு வந்தபோது படித்த பெண்ணுக்கு ஒரு சந்தேகம்: வண்டி ஓடுவது எதனால்? கரண்டால். ஆகவே எர்த் போல்டுகளுக்கும், மூடியைத் திறந்து எட்டு ஃபியூஸுக்கும், பன்னீர் விட்டுக் குழைத்த ஈரச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்து, பத்திரமாக மூடிவிட்டேன். பின்னாலேயே மழைக்காலம் வந்தது.

"அத்தே!"

"ஐயோ, ஷாக் அடிச்சிடுச்சா?"

சொன்னேன். அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன்.

"எட்டுக்கும் வெச்சியா! பாவி, எட்டுக்கும்!"

அதற்குப் பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. நான் உப்புத்தாளால் தேய்க்க, அத்தை பழைய டூத் பிரஷ்ஷால் துடைக்க, ஒருவரை ஒருவர் பார்த்தாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இடையில் என் பாப்பா தூங்கி எழுந்து வந்தாள். களிம்பு விஷமாயிற்றே என்று மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் தூக்கினேன். பளபளத்த முனைகளில் லேசாக வாசலின் தடவி, எல்லாவற்றையும் இறுக்கி, பேட்டரியை மாட்டியபோது மணி மூன்றேகால்.

அத்தை வண்டிக்குப் பின்னால் நின்றார். பிரேக்கை மிதித்தேன்.

"எரியுதா?"

"எரியுதுடி! செவப்பா, ரெண்டும்!"

இண்டிகேட்டர் போட்டேன். பெட்ரோல் முள் அசையாமல் நின்றது. ஹாரனில் கை வைக்க மட்டும் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். அத்தை துள்ளிக் குதித்தார், பாப்பா கை தட்டினாள், எதிர்வீட்டு நாய் குரைத்தது.

தெருமுனையிலிருந்து மாமா ஓடி வந்தார். ஜெராக்ஸ் கட்டு மார்பில், ஒரு கால் செருப்பைக் காணோம்.

"யாரு அடிச்சது?"

பொய் சொல்லியிருக்கலாம். உப்புக் காற்று தன் பாட்டுக்குப் பழியைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் கண் நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: சந்தனம், குங்குமம், எட்டு.

மாமா கிழக்கே, கடல் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். "பார்தோன். எட்டு நாளா ஒன்ன திட்னு இருந்தேன்."

அத்தை மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். அப்போது மாமாவின் போன் அடித்தது. சென்னைக்காரர். திண்டிவனம் தாண்டிவிட்டாராம். மாமா போனை என் கையில் திணித்தார்.

"நீயே சொல்லு. எனக்கு வாய் வராது."

வந்துகொண்டிருக்கிற மனிதரிடம் வராதே என்று எப்படிச் சொல்வது? "சார், மன்னிச்சிக்குங்க, வண்டி விக்கிறதில்ல," என்றேன். புரிந்ததோ என்னவோ என்று சந்தேகம் வந்து, இன்னும் இரண்டு தடவை சொன்னேன். அவர் கோபப்பட்டாரா, வாழ்த்தினாரா, தெரியாது. அதற்குள் மாமா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, விடாமல் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.