மகள் ஏரியைப் பற்றிப் பேச வந்தாள்

இட்லி வேகிற நேரத்தில்தான் எனக்கு டென்மார்க் தெரியும். மகள் அங்கே கட்டடக்கலை படித்து முடித்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். நகரத்து நடுவில் ஓடுகிற கால்வாய், பழைய துறைமுகம், இவற்றின் கரைகளை ஜனங்கள் வந்து புழங்குகிற மாதிரி வடிவமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். அந்த ஊர்ப் புத்தகக் கடை ஒன்றில் கட்டடக்கலைப் புத்தகங்களுக்கென்றே மாதாமாதம் கூட்டம் நடக்கும். அதை யூடியூபிலும் போடுவார்கள். மறுநாள் காலையில் போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் பார்ப்பேன்.

புத்தகத்தையா பார்த்தேன்? பெற்ற பிள்ளையைப் பார்த்தேன். கேமரா எப்போதாவது அவள் பக்கம் திரும்பும். ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருப்பாள். இளைத்திருக்கிறாளா என்று நான் கவனிப்பதற்குள் கேமரா வேறு பக்கம் போய்விடும். படுபாவி, இன்னும் கொஞ்சம் நிறுத்தினால் அவனுக்கு என்ன குறைந்துவிடும்? பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்ப்பேன். இட்லிச் சட்டியில் தண்ணீர் வற்றி அடிப்பிடிக்கிற வாசனை வரும். வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, பல் துலக்கிக்கொண்டே என் பின்னால் நின்று அவரும் பார்ப்பார். அது எனக்குத் தெரியாது என்று அவருக்கு நினைப்பு.

பார்க்கப் பார்க்க எனக்கும் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்தது. அங்கே மேடை கிடையாது. புத்தகம் எழுதியவரும் கேட்க வந்தவர்களும் ஒரே மாதிரி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பாதி நேரம் கேள்விக்கே போய்விடுகிறது. வரவேற்புரையும் காணோம், நன்றியுரையும் காணோம். இது என்ன கூட்டம், எழவு வீடு மாதிரி சொல்லிக்கொள்ளாமல் கலைந்து போகிறார்களே என்று ஒரு நாள் அவளிடமே கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் கட்டிய ஒரு கரையைப் பற்றிச் சொன்னாள். மரப்படிகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குமாம். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அங்கேயே குளித்துவிட்டு வீட்டுக்குப் போவார்களாம். "குளிக்கிறதுக்காடி இவ்வளவு படிச்ச?" என்றேன். "ஆமாம்மா, அதுக்குத்தான்" என்றாள்.

நான் அரியலூரில் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு பெரம்பலூரில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகிறபோது, கைவிட்ட பழைய சுரங்கப் பள்ளங்களில் மழைத்தண்ணீர் பச்சை நிறத்தில் நிற்பது தெரியும். முன்பெல்லாம் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் அவள் இதற்குக் கரை போட்டால் எப்படிப் போடுவாள் என்று யோசிக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் என் வாயில் 'வாட்டர்ஃப்ரன்ட்' என்று வந்தாலே, டீச்சர் டென்மார்க் போயிட்டாங்க என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். வேறு எந்த வழியில் நான் அவளிடம் போக முடியும்?

எங்கள் பள்ளித் தமிழாசிரியர் பெரம்பலூரில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார். வருடத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்துப் புத்தகக் கண்காட்சி வைப்பார்கள். மகள் லீவில் வரப்போகிறாள் என்று நான் சொன்னதும் பிடித்துக்கொண்டார். கட்டடக்கலைப் புத்தகங்களைப் பற்றியும் நம் ஊர் ஏரிக்கரையைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசட்டும் என்றார். ஏரிக்கரையில் நடைபாதை போடப்போகிறார்கள் என்று அப்போது ஊரில் பேச்சு. அந்த வேலையைப் பார்க்கிற பொறியாளர் தனக்குப் பழக்கம், அவரையும் முன் வரிசையில் உட்கார வைக்கிறேன் என்றார்.

இதைப் போனில் சொன்னபோது மகள் முதலில் ஏரியில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்டாள். பிறகு, "அவங்களுக்குப் புடிச்சிருந்தா, ஒரு வருஷம் இங்க லீவு போட்டுட்டு அங்கயே இருந்து அந்தக் கரையச் செஞ்சு குடுக்கலாம்மா" என்றாள்.

"ம்... பாக்கலாம்" என்றேன், பால் பாக்கெட் வந்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போல. போனை வைத்த பிறகுதான் அவள் சொன்னது உறைத்தது. ஒரு வருஷம்! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடிக்கச் சொன்னேன். வெளிச்சம் வருகிற ஜன்னல் பக்கம் பெரிய மேசை போட்டேன். வீட்டுக்காரர் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. மறுநாள் அவரே ஒரு மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் இருவரும் மகளிடம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவள் தொழில், அவள் முடிவு. நாம் குறுக்கே போய் நிற்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரும்பலூரில் இருக்கிறார், தங்கமான மனுஷன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை மேடையில் ஏற்றுகிறார்கள் என்றால் தாய்மாமன் வெறுங்கையோடு வரமாட்டார். பொன்னாடை, மாலை எல்லாம் முறை. தாய்மாமன் வீடு செய்தால் அப்பா வழிப் பங்காளிகள் சும்மா இருக்க முடியாது. அவர்கள் செய்தால் அத்தை வீட்டில் கேட்பார்கள். காதுகுத்தில் செய்வார்கள், சடங்கில் செய்வார்கள். புத்தகக் கண்காட்சியிலும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. மண்டப வாசலில் வேன் வந்து நின்று, ஒவ்வொருவராக மஞ்சப்பையோடு இறங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது.

தமிழாசிரியர், மரியாதையெல்லாம் பேச்சு முடிந்த பிறகு என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் போட்டால் அது மரியாதையா, பேச வந்த பிள்ளையைச் சபையில் முதலில் கௌரவிக்க வேண்டாமா என்று நியாயம் கேட்டார். ஐந்து மணிக்கு அதே மேடையில் பட்டிமன்றம் என்று தமிழாசிரியர் கெஞ்சினார். இதோ முடிந்துவிடும் என்று அண்ணன் மேலே ஏறிவிட்டார்.

முதலில் தாய்மாமன். அடுத்து தா.பழூரிலிருந்து வந்த சித்தப்பா, அதாவது என் கொழுந்தனார். அவர் பொன்னாடையோடு மைக்கையும் வாங்கிக்கொண்டார். மகள் சின்ன வயதில் வாய்க்கால் மணலில் வீடு கட்டி விளையாடியதை அவர்தான் முதலில் கண்டுபிடித்தாராம், அன்றே இவள் இன்ஜினியர் என்று சொன்னாராம். கைதட்டல். பிறகு அத்தை, பிறகு அண்ணியின் தம்பி, பிறகு யார் யாரோ. ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு போட்டோ. போட்டோ சரியாக விழவில்லை என்றால் பொன்னாடையை எடுத்து மறுபடி போட்டார்கள். மகள் தோளில் பச்சையும் ஊதாவுமாக ஏறிக்கொண்டே போனது. அவள் ஒவ்வொருவரையும் கும்பிட்டாள். நடுநடுவே மேசையில் தான் கொண்டுவந்து அடுக்கி வைத்திருந்த தடித்த புத்தகங்களைப் பார்த்தாள். கூட்டத்தில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கட்டும் என்று பெட்டியில் பாதி எடைக்கு அவற்றைத்தான் சுமந்து வந்திருந்தாள்.

பொறியாளர் நாலு மணிக்கே வந்து உட்கார்ந்தவர். நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேடையேறி அண்ணனைக் கையைப் பிடித்து இறக்கியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிறவள், அன்று பிரியத்தோடு வந்த என் சொந்தங்களை உட்காருங்கள் என்று சொல்ல முடியாமல் நின்றேன்.

ஒருவழியாக மைக் அவள் கைக்கு வந்தது. முதல் படத்தைத் திரையில் போட்டாள். மண்டப வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பொறியாளரின் போன் அடித்தது. அவர் எழுந்து, மகளைப் பார்த்துக் கைகூப்பி, மீட்டிங் என்று சைகை காட்டிவிட்டுக் குனிந்தபடி வெளியே போய்விட்டார். அவள் வாசல் வரைக்கும் அவரைப் பார்த்தாள். பிறகு பொன்னாடைகளைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, படத்தையும் அணைத்துவிட்டு, எங்களைப் பார்த்துப் பேசினாள்.

நம் ஊரில் கரையை அழகு செய்வது என்றால் நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க ஆளுயரத்தில் ஊர்ப் பெயர், சுற்றிலும் கம்பி வேலி என்றாள். தண்ணீரைப் பார்க்கலாம், கிட்டே போக முடியாது. கரை என்பது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை, இறங்குகிற இடம் என்றாள். பிறகு கேட்டாள்: "நம்ம ஏரித் தண்ணில கடைசியா எப்ப கால வச்சீங்க?"

பின் வரிசையிலிருந்து அத்தை, "உங்க தாத்தா கருமாதிக்கு" என்றாள். ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருத்தி ஆடிப்பெருக்குக்கு வந்ததைச் சொன்னாள், ஒருவர் மாடு கழுவிய இடத்தைச் சொன்னார். எந்த இடத்தில் இறங்க வழி இருந்தது, இப்போது எங்கே முள் மண்டிக் கிடக்கிறது என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. மகள் மேடையிலிருந்து இறங்கி அவர்களுக்கு நடுவில் வந்து நின்றாள். முகம் மலர்ந்திருந்தது. அந்தப் புத்தகக் கடையில் பார்த்த முகம் இல்லை இது. சின்னப் பிள்ளையில் மழைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வருமே, அந்த முகம். அப்போது தமிழாசிரியர் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார். பட்டிமன்றத்துக்காரர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, நிகழ்ச்சி அமர்க்களம் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். சமையலறையில் வைத்து அவரைப் பிடி பிடி என்று பிடித்தேன். அந்த இன்ஜினியருக்காகத்தானே இவ்வளவும் செய்தோம், அவர் ஒரு வார்த்தை கேட்க விடாமல் செய்துவிட்டீர்களே என்றேன். அண்ணன் கையில் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றார். "நம்ம புள்ளைக்கு நாம செய்யாம யாரு செய்வா, ஆயி?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொம்பை வாங்கி இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் தமிழாசிரியர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். நடைபாதைக்கு வரைபடம் ஏற்கெனவே வேறு ஊர்க்காரர்களிடம் வாங்கி முடித்தாயிற்றாம். மகள் பேச்சை முழுதாகக் கேட்டிருந்தால் பொறியாளர் மனம் மாறியிருக்குமோ என்னவோ. பொன்னாடைதான் கெடுத்தது என்று சொல்ல முடியாது, கெடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மாடி அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஏரி வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று அவளே கூப்பிட்டாள். கரை மேல் உட்கார்ந்தோம். தண்ணீர் பாதிக்கு இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அண்ணனால்தான் எல்லாம் போயிற்று என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"மாமாவத் திட்டாதம்மா" என்றாள். "பாவம், ஆசையா வந்தாங்க." காலடியில் கிடந்த முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டாள். "ஆனா ஒண்ணு. வந்ததுலேர்ந்து எல்லாரும் எப்ப கெளம்புறன்னுதான் கேட்டாங்க. ஒருத்தராச்சும் இருன்னு சொன்னாங்களா?"

வேலை கிடைத்தால் எப்படியும் இருப்பாய் என்று நினைத்திருந்தேன் என்றேன்.

"வேலை கெடச்சாதான் நான் நம்ம வூட்டுல இருக்கணுமா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் ஊரை விட்டுப் போன நாளிலிருந்து என் தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்த வார்த்தை அது. அவள் படிப்புக்கு இடைஞ்சல், வேலைக்கு இடைஞ்சல் என்று விழுங்கி விழுங்கி வைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"இருடி" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "நேத்துதாம்மா திரும்பி வரேன்னு அங்க ஆபீஸுக்கு எழுதிட்டேன்" என்றாள். கரையில் எங்களைத் தாண்டி ஆடுகள் போய் முடிந்தன.

"பரவாயில்ல. இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன்.