எழுபது பெட்டிகளில் ஒன்று

பண்டிகைக்கு முந்தின நாள் மாலை நாலரை மணி. கடையில் பரிசு கட்டித் தரும் மேசைக்கு முன்னால் ஒரு வேன் டிரைவர் வந்து நின்று, கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். கசக்கிய செய்தித்தாள் உருண்டைகள் மூன்று விழுந்தன. வேறொன்றும் விழவில்லை.

மேசைக்குப் பின்னால் நின்றவர் என் அண்ணி. அந்த நாலு மாடிக் கடையில் பதினோரு வருடமாகப் பரிசுகளுக்குக் காகிதம் சுற்றுவதுதான் அவர் வேலை.

"அக்கா, காலையில நான் குடுத்தது காது மெஷின். இதுல வெறும் பேப்பர்தான் இருக்கு."

அண்ணிக்கு ஆளை நன்றாக நினைவிருந்தது. மனைவிக்காக வாங்கிய காது கேட்கும் மெஷினை உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். "பெரிய பெட்டியில போட்டுக் கட்டுங்கக்கா, மிக்ஸின்னு நினைச்சு ஏமாறட்டும்" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தபடியே கட்டினார். அதே மேசையில் வாசல் அலங்காரத்துக்காகப் பேப்பர் உருண்டை மட்டும் போட்ட வெற்றுப் பெட்டிகளையும் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே அளவு, ஒரே சிவப்புக் காகிதம். வழக்கமாகத் தூக்கினாலே உள்ளே சரக்கு இருக்கிறதா என்று கை சொல்லிவிடும். காது மெஷினுக்கு ஏது கனம்? டிரைவரிடம் வெற்றுப் பெட்டி போய்விட்டது. மெஷின், வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த எழுபது பெட்டிகளில் ஏதோ ஒன்றுக்குள் இருந்தது.

கை தப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று முழுக்க மனசு மூன்றாம் மாடியிலேயே இருந்தது என்று அண்ணி பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். அங்கே ஒரு பெரிய டிவியின்மேல் தன் பெயரெழுதிய சீட்டை ஒட்டி வைத்திருந்தார். ஊழியர்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு மணிநேரம்தான் பாதி விலை. அன்று ஐந்திலிருந்து ஆறு வரை.

"ராத்திரி கடை மூடினப்புறம் வந்தீங்கன்னா அண்ணே..."

"இன்னிக்கு ஆறு மணிக்குப் பொண்ணு ஸ்கூல் மேடையில பாடுறாக்கா. அவ பாடி எம்பொண்டாட்டி ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. அதுக்காகத்தான் இன்னிக்கே பிரிச்சோம்."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையை ஆட்டினார். "டிஸ்ப்ளேல யாரும் கை வெக்காதீங்க. ஜனம் அதைப் பாத்துத்தான் உள்ளயே வருது. எட்டு மணிக்கு ஷட்டர் போட்டதும் தேடிக்கலாம்."

"சார், ஆறு மணிக்குள்ள அவர் போகணும்."

"மீறித் தொட்டீங்கன்னா, பண்டிகை லீவு முடிஞ்சு நாளன்னிக்கு வேலைக்கு வராதீங்கம்மா. அவ்வளவுதான்."

அவர் மாடியேறிப் போகும்வரை அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு நேரே வாசலுக்குப் போய், உச்சிப் பெட்டியை எடுத்தார்.

பழக்கதோஷம், டேப்பின் ஓரத்தில் நகத்தை விட்டு, காகிதம் கசங்காமல் பிரித்தார். வெற்றுப் பெட்டி. அடுத்ததும் அப்படியே.

"கிழிங்கக்கா!" என்றார் டிரைவர்.

நாலாவது பெட்டியில்தான் அண்ணிக்குக் கிழிக்க வந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஃபோனில் படம் பிடித்தார்கள். ஒரு அம்மாள் ஒரு பெட்டியைத் தூக்கிக் குலுக்கி, "இலவசமா குடுக்கறாங்களா? இதுல என்ன இருக்கு?" என்றாள்.

"காத்து இருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா? வெச்சிட்டு நகருங்கம்மா!" என்றார் அண்ணி.

மணி ஐந்தடித்தது. சிறிது நேரத்தில் போர்வைப் பிரிவில் வேலை செய்யும் தோழி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அக்கா, மேல டிவிக்கு அடிதடி! உங்க சீட்டைப் பிச்சுட்டானுங்க. ஓடி வாங்க!"

அண்ணியின் கால் படிக்கட்டுப் பக்கம் இரண்டடி வைத்தது. அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. டிரைவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. கிழித்துக்கொண்டே இருந்தார். அண்ணி திரும்பி வந்து அடுத்த பெட்டியை எடுத்தார்.

முப்பது. நாற்பது. ஒருவேளை காலையில் குப்பையோடு போயிருக்குமோ? ஐம்பத்து மூன்றாவதில் ஏதோ லேசாக உருண்டது. ஐந்து இருபத்தைந்து. டிரைவர் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை.

அண்ணி கிழிந்த காகிதங்களின் நடுவே தரையில் உட்கார்ந்தார். அப்போது அண்ணனின் ஃபோன் வந்தது.

"என்ன, எடுத்தாச்சா? வண்டி சொல்லட்டுமா?"

"இல்லங்க."

"அட, வேற பீஸ் இருக்கும், போய்ப் பாரு. இன்னும் அரை மணி இருக்குல்ல?"

"இருக்கு. எனக்கு வேண்டாம்ங்க."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"டிவி போட்டாப் பத்து நிமிஷத்துல குறட்டை விடுறவ நான். எனக்கு எதுக்குங்க அது? உங்க தங்கச்சி நாளைக்கு வருவா, பாத்து வாயைப் பொளக்கணும். அதுக்குத்தான் எடுக்கப் பாத்தேன்."

அந்தத் தங்கச்சி நான்தான். வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வருகிறேன். செருப்பைக் கழற்றும்போதே என் கண் அந்தக் கூடத்தை ஒரு சுற்று சுற்றிவிடும். இதை அண்ணி கவனித்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு வருடம் சோபா, ஒரு வருடம் கண்ணாடி அலமாரி. நான் கிளம்பிப் போன மறுநாள் அதைத் துடைத்துவிட்டு எதிரில் உட்காருவாராம். ஏதோ விட்டுப்போன மாதிரியே இருக்குமாம். உடனே அடுத்த வருடத்துக்கு என்ன வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாராம்.

அண்ணன் ஃபோனை வைத்ததும் மேனேஜர் இறங்கி வந்தார். சரிந்து கிடந்த சிவப்புக் குப்பையைக் காலால் ஒதுக்கினார்.

"அத்தனையும் மறுபடி கட்டி அடுக்கிட்டுப் போங்க. உங்க வேலையைப் பத்தி நாளன்னிக்குப் பேசறேன்."

"சரிங்க சார்."

"பயமே இல்லையாம்மா உங்களுக்கு?"

"ஏன் இல்லாம? கை நடுங்குது பாருங்க" என்று அண்ணி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். "ஆனா மனசு இவ்வளவு நல்லா இருந்து ரொம்ப வருஷமாச்சு சார். அந்த டேப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."