கண்ணாடியில் தொங்கிய மஞ்சள் பொட்டு

சங்கிலிப்பாண்டியின் வலது பெருவிரலில் ஒரு கொப்புளம். அதுதான் அவரை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. வலி பெரிதில்லை, யோசனைதான்.

தென்காசியில் வல்லிநாயகம் பிள்ளையின் மோட்டாரை எட்டு வருஷமாக ஓட்டியவர் அவர். 1936 ஆடியில் ஒரு நாள், குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பிள்ளை திரும்பிக்கொண்டிருந்தார். சாரலோடு இருட்டும் கலக்கிற நேரம். மேலகரம் தாண்டியதும் முன்னால் போன விறகு வண்டியின் பின்புறத்தில் மோட்டார் மோதியது. சக்கரம் முறிந்தது, ஒரு காளைக்குக் கால் போயிற்று. வண்டிக்காரர் சுடலையாண்டி சேற்றில் உட்கார்ந்து காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

பிள்ளை பின்சீட்டை விட்டு இறங்காமலே, "லாந்தர் இல்லாம வண்டி ஓட்டுதான் பாரு, களவாணிப்பய" என்றார். மறுநாளே விளக்கில்லாமல் வண்டி ஓட்டியதாகச் சுடலையாண்டி மேல் வழக்கு. சாட்சி, சங்கிலிப்பாண்டி.

ஆனால் மோதிய இடத்தில் உருண்டு கிடந்த லாந்தரைத் தூக்கியவர் அவர்தான். அணைந்திருந்தது, கண்ணாடி மட்டும் சுட்டது. கொப்புளம் அதில் வந்தது.

எரிந்த விளக்கு ஏன் கண்ணில் படவில்லை? பார்வை மங்கிவிட்டதோ என்று, ஊர்க் கோயிலின் இடிந்த கோபுரத்துப் புறாக்களைத் தூரத்திலிருந்து எண்ணிப் பார்த்தார். பதினேழு. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் பொழுது சாயும் வேளையில், வளைந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்திவிட்டு, மோட்டாரைத் தெருவில் நிறுத்தினார். மனைவி குருவம்மாள் கையில் ஒரு லாந்தரைக் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொன்னார்.

"ஏட்டி, தாழப் பிடி. வண்டிக்கு அடியில தொங்குத மாதிரி."

"மோட்டாருக்கு ஆரத்தி எடுக்கச் சொல்லுதீரோ? தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

லாந்தர் தெளிவாகத் தெரிந்தது. முன்விளக்குகளைப் போட்ட பிறகும் தெரிந்தது. இன்னும் ஒரு சுவிட்ச் பாக்கி. ஒரு மாதத்துக்கு முன் பிள்ளை, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பண்பொழி முருகன் படத்தை வைத்து, அதன் முன்னால் சின்ன மஞ்சள் பல்பும் போட்டிருந்தார். ஊரே மெச்சிய பல்பு. அதை எரியவிட்டதும், முன்கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து, நடுத்தெருவில் தரையை ஒட்டி இருப்பதுபோல் ஒரு மஞ்சள் பொட்டு தொங்கியது. ஒரு மாதமாக அது அங்கேதான் தொங்குகிறது. தினமும் பார்த்து, அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டப் பழகியிருந்தார்.

"இப்பம் மெல்ல நடந்து வா."

குருவம்மாளின் லாந்தர் அந்தப் பொட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. எது தெருவில் இருக்கிறது, எது கண்ணாடியில் இருக்கிறது?

"நில்லு, நில்லு!"

"நின்னு எவ்வளவு நேரமாச்சு! மோட்டார் பம்பர்ல இடிச்சுக்கிட்டு நிக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. காளையின் நினைவு வந்ததும் நின்றுவிட்டது.

பிள்ளையிடம் போய்ச் சொன்னார்.

"முருகன் கண்ணை மறைச்சான்னு சொல்லுதியாலே?"

"முருகன் இல்ல மொதலாளி, பல்பு. நீங்களே ஒரு தடவ என் சீட்டுல உக்காந்து பாருங்க."

"டிரைவர் சீட்டுலயா? நானா?"

எட்டு வருஷம் அந்த மோட்டாரில் போன மனிதர், முன்சீட்டிலிருந்து பாதை எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காமலிருப்பதே கௌரவம். ஏழை மேல் பழி போட மட்டும் பின்சீட்டிலிருந்தே எல்லாம் தெரிந்துவிடுகிறது!

"கோர்ட்டுல லாந்தர் இல்லன்னு சொல்லு. முடியாதுன்னா சாவியை வச்சுட்டுப் போ."

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார்: "வண்டியில் விளக்கு இருந்ததா?"

"எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சுய்யா. எங்க மோட்டாருக்குள்ள எரிஞ்ச விளக்குன்னு நெனச்சு நான்தான் விட்டுட்டேன். பிசகு எம்மேல." பெருவிரலை உயர்த்திக் காட்டினார். சாவியைக் காலையிலேயே பிள்ளை வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

வழக்கு தள்ளுபடியானது. வெளியே சுடலையாண்டி அவருடைய விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்பச் சுட்டுட்டோ?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பல வருஷம் சங்கிலிப்பாண்டி ஆலங்குளம் பஸ் ஓட்டினார். பொழுது சாய்ந்தால், தன் முன்னால் எரியும் சின்ன விளக்கின் மேல் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிடுவார். புதிதாக ஏறியவர்கள் கேலியாகக் கேட்பார்கள்: "என்ன டிரைவரே, கறுப்பு கட்டியிருக்கீரு, யாரு செத்தா? யாருக்குத் துட்டி?"

"யாருக்கும் வந்துரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி."